காட்சிக்கு ஓரிடம், குடியிருப்புக்கு ஓரிடம்: தேக்காவையும் ஆங் மோ கியோவையும் முன்வைத்துச் சுற்றுப்பயணச் சந்தை பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

சுற்றுப்பயணத் துறையைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு வகையினவாக அமைகின்றன. ஒருவகை, நாட்டின் வருவாயையும் வேலைவாய்ப்பையும் எண்களால் காட்டிப் பாராட்டுவது. மற்றொரு வகை, அயலார் வருகையால் பண்பாடு கெடுகின்றது என வருந்துவது. முன்னது சந்தையின் குரல். பின்னது மரபின் குரல். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், இரண்டிற்கும் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு. பண்பாடு முன்பே முழுமையாக அமைந்துவிட்ட ஒரு பொருள். சந்தை அதன்பின் வந்து அதனை விற்கின்றது, அல்லது கெடுக்கின்றது என்பதே அது.

இவ்வெடுகோள் பொருந்துமா என்பதை நாம் சிங்கப்பூரின் இரண்டு வட்டாரங்களைக் கொண்டு ஆராய முற்படுகிறோம். ஒன்று, உலகப் பயணிகள் அனைவரும் அறிந்த லிட்டில் இந்தியா. தமிழர் நாவில் அது தேக்கா. மற்றொன்று, பயணிகளுக்கான கையேடுகளில் பெரிதும் இடம்பெறாத ஆங் மோ கியோ. முன்னது இந்தியர் பண்பாட்டைக் காணச் செல்லும் இடம். பின்னது, சிங்கப்பூரின் ஏனைய வீடமைப்பு நகரங்களைப் போலவே, இந்தியரும் பிறரும் கலந்து குடியிருக்கும் இடம். இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவோருக்குப் புலப்படாத ஒன்று, சேர்த்து நோக்கும்போது புலப்படுகின்றது. சுற்றுப்பயணச் சந்தை ஒரு பண்பாட்டைக் கண்டெடுத்து விற்கவில்லை. குடியிருப்பும் காட்சியும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்ட பின்னரே அப்பண்பாடு விற்பனைக்குரிய பண்டமாயிற்று. அப்பிரிப்பைச் செய்தது சந்தை அன்று, அரசு. கட்டற்றது எனப்படும் சந்தை எவ்வளவு கட்டுமானத்தின்மேல் நிற்கின்றது என்பதை இது காட்டுகின்றது.

விருந்தும் பண்டமும்

நவீனச் சுற்றுப்பயணத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் பலரும் சுட்டுவது 1841 ஜூலை 5ஆம் நாளை. அன்று தாமஸ் குக் என்பார் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். அவர் விற்றது எதனை என்று கேட்பது பயன்தரும். ரயில் அவருடையதன்று, சென்று சேர்ந்த ஊரும் அவருடையதன்று. பிறருக்கு உரியவற்றை ஓர் ஒழுங்கில் தொடுத்து, அத்தொடுப்பையே அவர் விலைக்கு வைத்தார். இன்று வரையில் இத்தொழிலின் இயல்பு இதுவே. பயணி விடுதி அறைக்கும் விமான இருக்கைக்கும் பணம் தருகிறார். ஆயின் அவரை ஈர்த்தவையோ கடற்கரை, கோயில் மணியோசை, தெருவின் நெரிசல், பூக்கடையின் மணம் போன்றவை. அவற்றிற்கு விலைச்சீட்டு இல்லை. அவற்றை உண்டாக்குவோர் வேறு. அவற்றின் ஈர்ப்பால் வருவாய் பெறுவோர் வேறு.

தமிழ் மரபில் அயலாரை ஏற்றுக்கொள்வதற்கு விருந்தோம்பல் என்று பெயர். திருக்குறளில் இஃது ஒன்பதாம் அதிகாரம், இல்லறவியலில் வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. விருந்தோம்ப ஓர் இல் வேண்டும். இல்லுக்கு உரியவர் வேண்டும். வருபவரை ஏற்பதும் எவ்வாறு ஏற்பது என்பதும் அவர் முடிவாக இருத்தல் வேண்டும். இன்று 'விருந்தோம்பல் துறை' என்னும் தொடர் விடுதி, உணவகத் தொழில்களைக் குறிக்கும் கலைச்சொல்லாகிவிட்டது. சொல் அதேதான், ஆனால் அதனுள் இருந்த இல் இல்லை. சுற்றுப்பயணத்தைப் பற்றிய ஆய்வுகளில் பெரும் செல்வாக்குப் பெற்ற டீன் மக்கனெல், 1973இலும் பின்னர் 1976இல் வெளிவந்த தம் நூலிலும், பயணி உண்மையான வாழ்க்கையைத் தேடிச் செல்வதாகவும், அவருக்குக் காட்டப்படுவது முன்னரங்கில் அமைக்கப்பட்ட உண்மையே என்றும் விளக்கினார். ஜான் அரி 1990இல் பயணியின் பார்வையே சமுதாயத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டது எனக் காட்டினார். இவ்விருவர் கருத்துகளும் பயனுடையன. எனினும் இருவர் வினாவும் பெரிதும் பயணியின் பக்கத்திலிருந்து எழுவது. பார்க்கப்படுவோர் எங்கே குடியிருக்கின்றனர் என்பதே நம் வினா.

காட்சி தேவைப்பட்ட காலம்

சிங்கப்பூர்ச் சுற்றுப்பயண மேம்பாட்டுக் கழகம் 1964இல் அமைந்தது. அவ்வாண்டு வந்த பயணிகள் ஏறத்தாழ 91,000 பேர். கழகத்தின் சின்னமாக அதே ஆண்டு வரையப்பட்டதே சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன். அதன் சிலை 1972இல் ஆற்று முகத்தில் நிறுவப்பட்டது. எந்தப் புராணத்திலும் எந்த இனத்தின் வழிபாட்டிலும் வேரில்லாத ஓர் உருவம், ஒரு விளம்பரச் சின்னமாகப் பிறந்து நாட்டின் அடையாளமாகவே மாறியது. சந்தை பண்பாட்டைக் கெடுக்கும் என்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு இது. இங்குக் கெடுக்கப்பட முன்பொருள் ஏதுமில்லை. முற்றிலும் புதிதாக ஒன்று ஆக்கப்பட்டது.

அதே காலத்தில் பழைய நகர்ப்பகுதிகள் வேகமாக இடிக்கப்பட்டன. கம்பங்களிலும் கடைவீடுகளிலும் வாழ்ந்தோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டு நெருக்கடியும் சுகாதாரக் கேடும் மிகுந்திருந்த நிலையில் அது பெரும் மக்கள் நலப்பணி என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆங் மோ கியோ நகரின் கட்டுமானம் 1973இல் தொடங்கியது. ரப்பர்த் தோட்டங்களும் சிற்றூர்களும் இருந்த நிலத்தில் சில ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் எழுந்தது. நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7ஆம் நாள் ஓடியபோது, இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடைப்பட்ட ஐந்து நிலையங்களுள் ஒன்றாக ஆங் மோ கியோ இருந்தது. குடியிருப்பு நகரங்கள் இவ்வாறு நிலைபெற்ற காலத்தில்தான் சுற்றுப்பயணத் துறை ஒரு நெருக்கடியைச் சந்தித்தது. 1983இல் பயணிகள் வருகை, பல்லாண்டு வளர்ச்சிக்குப் பின் முதன்முறையாகச் சரிந்தது. 1984இல் அமைந்த பணிக்குழு கண்ட காரணங்களுள் ஒன்று, நகரம் தன் கீழைத்தேயக் கவர்ச்சியை இழந்துவிட்டது என்பது. 1986இல் 100 கோடி வெள்ளி மதிப்பிலான சுற்றுப்பயண மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவற்றின் சீரமைப்பு அதில் இடம்பெற்றது.

இதன் பொருளை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். பழைய தெருக்கள் அவற்றில் வாழ்ந்தோருக்குப் பயன்பட்டவரையில் இடிக்கத் தக்கவையாக இருந்தன. அவர்களுள் பலர் வெளியேறிய பின், பார்ப்போருக்குப் பயன்படும் என அறியப்பட்டபோது, அவை காக்கத் தக்கவை ஆயின. பயன்மதிப்பு குறைந்த நிலையில் பரிமாற்ற மதிப்பு பிறந்தது.

ஓராண்டில் இரு முடிவுகள்

1989ஆம் ஆண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அவ்வாண்டு மார்ச் மாதம் வீடமைப்பு நகரங்களில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காட்டினர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. இந்தியரும் பிற இனத்தவரும் அக்கம்பக்கத்தில் 10 விழுக்காட்டையும் புளோக்கில் 13 விழுக்காட்டையும் தாண்டலாகாது என்பது அன்றைய வரம்பு. 2010இல் இவ்வரம்பு முறையே 12, 15 விழுக்காடாக உயர்ந்தது. அதே 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா உள்ளிட்ட பத்து வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. இவ்விரு முடிவுகளும் ஒரே அமைச்சின், அதாவது தேசிய வளர்ச்சி அமைச்சின், பொறுப்பில் அமைந்தவை. அன்று அதன் அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன்.

இவற்றுள் எதனையும் தனியே எடுத்துக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 1964இன் இனக்கலவரங்களைக் கண்ட ஒரு நாடு, இனவாரியாக ஒதுங்கிய குடியிருப்புகள் மீண்டும் உருவாவதை விரும்பாதது இயல்பே. பழங்கட்டடங்களைக் காத்ததும் பாராட்டத்தக்கதே. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு விதி புலப்படுகின்றது. மக்கள் குடியிருக்கும் இடத்தில் இனம் பரவலாகப் பிரிக்கப்பட வேண்டும். மக்கள் பார்க்கப்படும் இடத்தில் இனம் ஒருங்கே திரட்டப்பட வேண்டும். ஆங் மோ கியோவில் ஓர் இந்தியக் குடும்பம் அடுத்த வீட்டுச் சீனருடனும் மலாய்க்காரருடனும் கலந்து வாழும். அதன் இந்தியத் தன்மை சிராங்கூன் சாலையில் பெயர்ப்பலகையுடன் நிற்கும். ஓர் அடுக்குமாடியில் வரம்புக்கு உட்பட்டதாகிய ஒன்று, ஒரு தெருவில் ஈர்ப்பாக மாறுகின்றது.

இத்திரட்டல் வரலாற்றோடு முற்றிலும் ஒத்ததும் அன்று. சிராங்கூன் சாலை மாட்டு வணிகத்தாலும் குதிரைப் பந்தயத் திடலாலும் வளர்ந்தது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்னும் மலாய்ப் பெயரும் பஃபலோ சாலை என்னும் ஆங்கிலப் பெயரும் அதற்குச் சான்று. தேக்கா என்னும் பெயரோ ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. மூங்கிலடி என்பது அதன் பொருள். இன்று அவ்வட்டாரத்தில் பயணிகள் மிகுதியாகப் படமெடுக்கும் பன்னிற மாளிகை, மிட்டாய்த் தொழில் செய்த டான் டெங் நியா என்னும் சீனர் 1900இல் கட்டியது. பல இனத்தவரும் உழைத்த ஒரு தெரு, ஓரினத்தின் பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மறுபுறம், தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தமிழர் வாழ்ந்த வாழ்க்கை, வரலாற்றில் இதற்குக் குறையாத இடமுடையதாயினும், பயணியின் வழித்தடத்தில் சேரவில்லை. காட்சிக்கு ஓரிடம் போதும் என்பது சந்தையின் கணக்கு.

கட்டற்ற சந்தையின் கட்டுகள்

பொருளியல் சுதந்திரத்தை அளவிடும் அமெரிக்க ஹெரிட்டேஜ் அறக்கட்டளையின் பட்டியலில் சிங்கப்பூர் 2020இல் முதலிடத்தைப் பிடித்துப் பின்வந்த ஆண்டுகளிலும் அதனைத் தக்கவைத்துக்கொண்டது. கட்டற்ற சந்தைக்கு இந்நாட்டையே முன்மாதிரியாகக் காட்டுவோர் பலர். ஆனால் இங்குச் சுற்றுப்பயணச் சந்தை எவ்வாறு இயங்குகின்றது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் நோக்குவோம்.

முதலாவது, வாடகை. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. மளிகைக்கடை, மாவு அரைக்கும் ஆலை, பூக்கட்டுவோர், பொற்கொல்லர், அஞ்சடியில் அமர்ந்து கிளிசோதிடம் பார்த்தோர் எனச் சிறுதொழிலர் பலரும் குறைந்த வாடகையின் நிழலில் பிழைத்தனர். அச்சட்டம் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 2001இல் முற்றாக நீக்கப்பட்டது. கட்டடத்தின் முகப்பை மாற்றலாகாது என்னும் விதி ஒருபுறம். வாடகையைச் சந்தை முடிவு செய்யும் என்னும் விதி மறுபுறம். விளைவு எளிதில் உணரத்தக்கது. சுவர் பாதுகாக்கப்பட்டது; சுவருக்குள் இருந்த தொழில் பாதுகாக்கப்படவில்லை. தெருவின் மணத்தையும் ஓசையையும் உண்டாக்கியவர் பூக்கட்டுவோர். அதனால் உயர்ந்த இடமதிப்பைப் பெற்றவர் கட்டட உரிமையாளர். உயர்ந்த வாடகையைச் செலுத்த வேண்டியவர் மீண்டும் பூக்கட்டுவோரே. சந்தை கட்டற்று விடப்பட்ட இடம் இதுவே.

இரண்டாவது, சூதாட்டக்கூடங்கள். அரசு 2005இல் இசைவளித்த இரு ஒருங்கிணைந்த உல்லாசத்தளங்களும் 2010இல் திறக்கப்பட்டன. வெளிநாட்டுப் பயணி கட்டணமின்றி உள்ளே செல்லலாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 100 வெள்ளி செலுத்த வேண்டும் என்பது தொடக்க விதி; 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. பண்டம் தீங்குடையது என்பதை அரசு அறிந்தே இருக்கின்றது. தன் மக்களை அதிலிருந்து காக்கவும், அதே பண்டத்தைப் பிறருக்கு விற்கவும் ஒரே வாயிலில் இரு விதிகளை வைத்தது.

மூன்றாவது, வீடு. ஆங் மோ கியோவில் உள்ள வீவக வீட்டைச் சில நாள்களுக்குப் பயணிகளுக்கு வாடகைக்கு விட முடியாது. ஆறு மாதத்திற்குக் குறைந்த வாடகைக்குச் சட்டம் இடந்தரவில்லை. தனியார் வீடுகளுக்கு மூன்று மாதம் என்பது 2017 முதல் உள்ள வரம்பு. பார்சலோனா நகரத்தார் பயணிகளுக்கான குடியிருப்புகளால் வாடகை உயர்ந்து வெளியேறும் நிலைக்கு ஆளாகி, 2028க்குள் அவற்றின் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவர 2024இல் அந்நகரம் அறிவித்ததை இங்கு நினைவுகூரலாம். அந்நிலை ஆங் மோ கியோவுக்கு நேரவில்லை. சந்தைக்கு வைத்த கட்டே காரணம்.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. சந்தையைக் கட்டுப்படுத்த இயலாது என்னும் வாதம் இங்கு எடுபடாது. வீட்டைக் காக்க வேண்டுமென அரசு கருதியபோது கட்டு வைத்தது. குடிமகனைச் சூதிலிருந்து காக்கக் கருதியபோதும் கட்டு வைத்தது. தேக்காவின் சிறுதொழிலரை விடுத்தது இயலாமையால் அன்று, தேர்வால்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

லிட்டில் இந்தியாவின் உயிர்த்துடிப்பு எனக் கையேடுகள் பாராட்டும் நெரிசல், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குக் கூடும் வெளிநாட்டுத் தொழிலாளரால் பெரிதும் உண்டாவது. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்போர் அவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், நண்பரைக் காணவும், ஊர்ச் சாப்பாடு உண்ணவும் அவர்கள் அங்கு வருகின்றனர். பயணிக்கு அது காட்சி. அவர்களுக்கு அது வாரத்தின் ஒரே ஓய்வு. அவர்களும் அங்குக் குடியிருப்போர் அல்லர். நகரின் விளிம்பில் உள்ள விடுதிகளிலிருந்து வருவோர்.

2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின்கீழ்ச் சிக்கித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் அத்தகைய ஒன்றைக் கண்டதில்லை. 2014இல் அறிக்கை தந்த விசாரணைக் குழு, விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் காரணங்களாகச் சுட்டியது. வேலை, வாழ்க்கை நிலை பற்றிய ஆழ்ந்த மனக்குறை காரணமன்று என்றும் கூறியது. 2015ஆம் ஆண்டு மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி வட்டாரங்களாக வரையறுத்து, வார இறுதி முழுதும் பொது இடங்களில் மது அருந்துவதைத் தடைசெய்தது. உரிமம் பெற்ற உணவகத்தின் மேசையில் அமர்ந்து அருந்துவோருக்கு அத்தடை இல்லை. பொது ஒழுங்கு ஓர் அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் புல்வெளியில் அமர்பவர், மேசைக்குப் பணம் தரக்கூடியவர் என்னும் வேறுபாடு இங்கு வந்து சேர்ந்ததை நாம் கவனியாமல் இருக்க முடியாது.

பெருந்தொற்றுக் காலம் இவ்வேறுபாட்டை இன்னும் வெளிப்படையாக்கிற்று. முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பயணிகள் 2022 ஏப்ரல் 1 முதல் தனிமைப்படுத்தப்படாமல் நாட்டுக்குள் வரலாயினர். விடுதித் தொழிலாளர் விடுதியை விட்டு வெளியே செல்வதற்கே அனுமதிச்சீட்டு வேண்டும் என்னும் நிலை அவ்வாண்டு ஜூன் 24 வரையில் நீடித்தது. அன்று அது நீங்கியபோதும், ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்லத் தனிச்சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. கடல் கடந்து வரும் பார்வையாளருக்குத் தெரு திறந்திருந்தது. அத்தெருவுக்கு உயிர் தருபவருக்குச் சீட்டு வேண்டியிருந்தது. பண்டத்தின் மூலப்பொருளாக உழைப்பும் கூட்டமும் தேவை. அவற்றுக்கு உரிய மனிதரோ மேலாண்மைக்குரிய சிக்கல். சுற்றுப்பயண முதலாளியத்தின் உள்முரண் இதைவிடத் தெளிவாக வேறோரிடத்தில் காண்பது அரிது.

பெயர்ப்பலகையும் வீட்டுமொழியும்

காட்சியும் குடியிருப்பும் பிரிந்ததன் விளைவு மொழியிலும் தென்படுகின்றது. 2003இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் சீனப் பெயர், 'சிறிய இந்தியா' என்னும் பொருளை அம்மொழியிலேயே தருகின்றது. தமிழ்ப்பெயரோ 'லிட்டில் இந்தியா' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழ் எழுத்தில் எழுதியதாகவே உள்ளது. தேக்கா என்னும் வழக்குப் பெயர் சந்தையளவில் நின்றுவிட்டது. அங்காடிக்கும் 1982 முதல் சூட்டப்பட்டிருந்த சீன ஒலிப்பு மாற்றப்பட்டு 2000இல்தான் தேக்கா என்னும் பெயர் மீண்டது.

இஃது ஒருபுறமிருக்க, வீடுகளில் நிகழ்வது வேறு. சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். தீபாவளி ஒளியூட்டு ஆண்டுதோறும் பொலிவு பெறுகின்றது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. வீட்டில் தமிழ் குறைகின்றது. ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என நாம் கூறவில்லை. கல்வியும் வேலையும் ஆங்கிலத்தில் அமைந்ததே முதன்மைக் காரணம். ஆனால் பண்பாடு தழைக்கின்றது என்பதற்குத் தெருவின் ஒளியைச் சான்றாகக் கொள்வது எத்துணைப் பிழையானது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. தமிழின் எதிர்காலம் சிராங்கூன் சாலையின் வளைவுகளில் இல்லை. ஆங் மோ கியோ போன்ற நகரங்களின் சமையலறைகளிலும் நூலகங்களிலும் உள்ளது.

மறுப்புகளும் மறுமொழியும்

நம் கருத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, சுற்றுப்பயணத் திட்டம் இல்லாதிருந்தால் தேக்காவும் இடிக்கப்பட்டிருக்கும் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் காத்தல், இடித்தல் என்னும் இரண்டே வழிகள் இருந்தன என்பது இம்மறுப்பின் எடுகோள். கட்டடத்தோடு தொழிலையும் காக்கும் மூன்றாம் வழி ஒன்று இருந்திருக்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டைச் சில தொழில்களுக்கேனும் நீட்டித்திருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. லிட்டில் இந்தியா வெறும் காட்சிக்கூடம் அன்று. இன்றும் அஃது உயிருள்ள அங்காடி என்பது. பஃபலோ சாலையிலும் ரோவல் சாலையிலும் வீவக புளோக்குகள் உள்ளன, மக்கள் குடியிருக்கின்றனர். வீரமாகாளியம்மன் கோயிலிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலிலும் வழிபாடு பயணிகளுக்காக நடப்பதன்று. முஸ்தபா கடைத்தொகுதியோ இந்தியத் தோற்றம் எதனையும் விற்பதில்லை. பெட்டி முதல் பொன் வரையில் தேவையானவற்றை விற்கின்றது. தமிழகப் பயணியும் உள்ளூர் இல்லத்தரசியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது. இவ்வுண்மையை நாம் ஏற்கிறோம். இதுவே நம் கருத்துக்கு அரணாகவும் அமைகின்றது. நிலவியலறிஞர் டி. சி. சாங் 2000ஆம் ஆண்டு எழுதிய ஆய்வும், ஒரு வட்டாரத்தைக் கருப்பொருளாக்கும் முயற்சிக்கும் அங்கு வாழ்வோர் பயன்பாட்டுக்கும் இடையிலான இழுபறியையே ஆராய்கின்றது. தேக்கா எங்கெங்கு உயிரோடு இருக்கின்றதோ அங்கெல்லாம் அதனைப் பயன்படுத்துவோர் இருக்கின்றனர். பயணி காண விரும்புவதும் அவ்வுயிரையே. எனவே பயன்படுத்துவோரை வெளியேற்றும் சந்தை, தான் விற்கும் பண்டத்தைத் தானே அழிக்கின்றது.

மூன்றாவது, வருவாய். 2019இல் 1.91 கோடிப் பயணிகள் வந்தனர், 2024இல் 1.65 கோடிப் பேர் வந்து, ஏறத்தாழ 2,980 கோடி வெள்ளி வருவாய் கிட்டியது. நிலமும் இயற்கைவளமும் குறைந்த ஒரு நாடு இதனைப் புறக்கணிக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் இம்மொத்தத் தொகை, பூக்கட்டுவோருக்கு எவ்வளவு, கட்டட உரிமையாளருக்கு எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. மொத்தத்தைக் காட்டிப் பங்கீட்டை மறைப்பது சந்தைப் பொருளியலின் பழைய வழக்கம்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் 2010 அக்டோபரில் இந்திய, மலேசியப் பிரதமர்கள் முன்னிலையில் லிட்டில் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்டது. ரயில்வே ஊழியரும் தொழிற்சங்கத்தாரும் வாழ்ந்த ஒரு வட்டாரம், வளைவுகளும் வண்ணங்களும் பூண்டு அதே பெயரை ஏற்றது. இரண்டு நாடுகளில், இரு வேறு வரலாறுகளையுடைய தெருக்கள் ஒரே பெயரைச் சூடுவது, சந்தை வேண்டும் ஒருமைக்குச் சான்று.

சுற்றுப்பயணம் வேண்டா என்பது நம் முடிவன்று. வருவோரை வரவேற்பது நம் மரபு. ஆனால் வரவேற்பதற்கு இல் வேண்டும் என்பதையும் அதே மரபே கூறுகின்றது. ஆகவே ஒரு பண்பாட்டு வட்டாரத்தின் நிலையை மதிப்பிட நாம் ஓர் எளிய அளவுகோலை முன்வைக்கிறோம். ஆங் மோ கியோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், கறிவேப்பிலைக்கும் தாலிக்கும் அரிசிமாவுக்கும் சடங்குப் பொருளுக்கும் தேக்காவுக்குச் சென்று, தனக்கு இயலும் விலையில் அவற்றைப் பெற முடிகின்றதா? ஞாயிற்றுக்கிழமை வரும் தொழிலாளி அங்கு அமர ஓரிடம் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை கிட்டும் வரையில் தேக்கா ஊராக இருக்கும். 'இல்லை' என்னும் விடை வரும் நாளில் பயணிகள் எத்துணைப் பேர் வரினும் அது தேக்காவாக இராது.

இவ்வினாக்களுக்கு விடை காண்பது புள்ளிவிவரத் துறையின் பணி மட்டுமன்று. பூக்கட்டுவோர், மாவு ஆலையினர், பொற்கொல்லர் ஆகியோரின் தொழில் வரலாறுகளையும், அடுக்குமாடித் தமிழரின் அன்றாட வாழ்வையும் தமிழிலேயே பதிவு செய்வது நம்மைப் போன்ற துறைகளின் கடமை. கட்டடங்களைக் காக்கும் சட்டம் ஏற்கெனவே உண்டு. அவற்றுள் உழைத்தோரின் வரலாற்றைக் காப்பதற்கு ஆய்வாளரே முன்வருதல் வேண்டும்.